பூனைக்கும் நாய்க்கும் எந்த உணவு நல்லது? படத்தைப் பார்க்காதீர்கள், பையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

வீட்டில் பூனை இருக்கிறதா? இல்லை, வாங்க யோசிக்கிறீர்களா?

வீவக வீடுகளில் பூனை வளர்க்க 30 ஆண்டுக்கும் மேலாக இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. இப்போது ஒரு வீட்டில் 2 பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமம் எடுக்க வேண்டும். மைக்ரோசிப் பொருத்த வேண்டும்.

சரி, தட்டில் எதை வைப்பது?

"நாங்க சாப்பிடுறதையே அதுவும் சாப்பிடும்" என்று சொல்பவர்கள் பலர். சிக்கல் அங்குதான் ஆரம்பிக்கிறது.

பூனை, நாய் இரண்டுக்கும் ஒரே உணவு போதுமா?

போதாது. நாயால் சோறு, காய்கறி ஆகியவற்றிலிருந்தும் ஓரளவு சத்தைப் பெறமுடியும். பூனைக்கு இறைச்சியோ மீனோ கட்டாயம். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடலால் போதிய அளவு உருவாக்க முடியாது.

அது குறைந்தால் இதயத் தசை பலவீனமாகும் என்பதை 1987ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கடையில் விற்ற பூனை உணவைச் சாப்பிட்ட பூனைகளுக்கே அந்தப் பாதிப்பு! அதன்பிறகு தயாரிப்பாளர்கள் டாரின் அளவைக் கூட்டினர்.

அதனால் தயிர்ச்சோறு மட்டும் பூனைக்குப் போதாது. நாய் உணவையே தொடர்ந்து கொடுப்பதும் ஆபத்து.

பையில் எதைப் பார்க்க வேண்டும்?

- 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்' என்ற வாசகம். அன்றாட உணவாக அதை மட்டுமே கொடுக்கலாம் என்று பொருள். 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்தால் அது கூடுதல் உணவு மட்டுமே. இரண்டும் கேட்க ஒன்றுபோல இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

- வயது. குட்டிக்கும் வளர்ந்த பிராணிக்கும் தேவை வேறு.

- புரத அளவு. இதில் பலர் ஏமாறுகிறார்கள். டின் உணவில் 10 விழுக்காடு, உலர் உணவில் 30 விழுக்காடு என்றால் எது அதிகம்? டின் உணவில் சுமார் 75 விழுக்காடு தண்ணீர். அதைக் கழித்தால் புரதம் 40 விழுக்காடு. உலர் உணவில் தண்ணீர் சுமார் 10 விழுக்காடுதான். கழித்தால் புரதம் 33 விழுக்காடு. டின் உணவில்தான் அதிகம்!

விலை கூடினால் தரமும் கூடுமா?

அப்படிச் சொல்லமுடியாது. 'தானியம் இல்லாதது' என்பதும் தரத்துக்கான முத்திரை அல்ல. அத்தகைய சில நாய் உணவுகளுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விசாரிக்கத் தொடங்கியது. அவைதான் காரணம் என்று உறுதியாகவில்லை. ஆனால் கூடுதல் விலை கொடுத்து வாங்கவும் காரணம் இல்லை.

நம் சாப்பாட்டைக் கொஞ்சம் கொடுக்கலாமா?

குழம்பு, பிரியாணி வேண்டாம். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லெட்டும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். நொறுக்குத்தீனி எதுவானாலும் நாளின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

உணவை மாற்றும்போது?

பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். பிடிக்காத உணவை வைத்து, "பசிச்சா தானா சாப்பிடும்" என்று பூனையைப் பட்டினி போடாதீர்கள். ஒரு நாளுக்குமேல் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரல் பாதிப்பு வரலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.