மின்கலத்தின் பின்னால் நிற்கும் மனிதர்கள்

மின்கலம் என்றால் என்னவென்று வன்னி மக்களுக்கு எவரும் பாடஞ் சொல்லத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே கைவிளக்கிற்குப் போடும் சிறு பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். சுழற்றிய கை ஓய்ந்தால் செய்தியும் பாதியில் ஓய்ந்தது. சக்தியைப் பிறப்பிப்பது ஒரு காரியம். பிறந்த சக்தியைச் சேர்த்து வைப்பது வேறொரு காரியம் என்ற உண்மையை நாம் தோள்நோவிற் படித்தோம்.

அந்தக் காலம் கழிந்தது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரம் இன்று மின்கம்பிகள் செல்கின்றன. புதுக்குடியிருப்புச் சந்தியில் இரவிலும் கடைகள் ஒளிர்கின்றன. ஆயினும் சேமிப்புப் பிரச்சினை தீர்ந்தபாடில்லை. நாடு முழுவதற்குமான பிரச்சினையாக அது வளர்ந்திருக்கிறது. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடைபெற்றது. உழவர் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றனர். மூன்றாண்டு கழிந்து நிலைமை நேர்மாறாயிற்று. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறை நாட்களில் மின்சாரத்தின் தேவை குறைந்தமையால், கூரைமேற் சூரிய மின்தொகுதி வைத்திருப்போரைப் பகல் வேளையில் அவற்றை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. முன்னர் மின்சாரம் இல்லாமையால் இருள். பின்னர் வெயில் மிகுந்தும் அதனை ஊற்றி வைக்கப் பாத்திரம் இல்லை. மாரியில் வழிந்தோடும் நீரைக் கோடைக்குக் காக்கக் குளங் கட்டிய மக்களுக்கு இந்த அவலம் எளிதில் விளங்கும். மின்சாரத்திற்குப் போதிய குளத்தை இந்நாடு இன்னும் கட்டவில்லை.

இத்தகைய வேளையிலே 'குவாண்டம் மின்கலம்' என்ற சொல் செய்திகளில் அடிபடுகின்றது. கண்ணிமைக்குமுன் நிரம்பிவிடும் மின்கலம் வந்துவிட்டது என்றும், உலகின் சக்திப் பஞ்சம் ஒழியப் போகின்றது என்றும் ஆரவாரம் எழுகின்றது. உழவர் பெருமக்களுக்கு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்த மின்கலம் நாளைக்கு உங்கள் கிணற்றிலிருந்து ஒரு வாளி நீரையும் இறைக்காது. அது இன்னும் ஆராய்ச்சிசாலையின் கண்ணாடித் தகட்டை விட்டு வெளியே வரவில்லை. ஆயினும் அதனைப் பற்றி எழுத முனைந்தோம். அதனைச் செய்துகொண்டிருக்கும் மனிதர்களின் கதையில் நமக்கொரு பாடம் இருப்பதே அதற்குக் காரணம்.

பொருளை முதலில் அறிவோம். நாம் அறிந்த மின்கலம் இரசாயன மாற்றத்தால் சக்தியைச் சேமிக்கின்றது. குவாண்டம் மின்கலமோ, அணுவும் மூலக்கூறும் ஒழுகும் குவாண்டம் விதிகளைக் கொண்டே சக்தியை ஏற்கின்றது. அதன் விந்தை இதுதான்: பத்துப் பேர் பத்துத் துண்டு வயலை அருவி வெட்ட எத்தனை நாள் ஆகுமோ, நூறு பேர் நூறு துண்டு வயலை வெட்டவும் அத்தனை நாளே ஆகும். இது உலக வழக்கு. தனித்தனியே உழைக்காது ஒரே உடலாய் இயங்கும் மூலக்கூறுகளிடத்தில் இவ்வழக்கு மாறுகின்றது. அங்கே கூட்டம் பெருகப் பெருக, முழுக் கூட்டமும் நிரம்புதற்கு ஆகும் நேரம் குறைகின்றது. இதனை மீயுறிஞ்சல் என்று கூறலாம்.

இவ்வெண்ணம் ஒரே மனிதரின் மூளையில் ஒரே இரவில் உதித்ததன்று. 1954ஆம் ஆண்டில் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரொபேர்ட் டிக்கி, அணுக்கள் பல கூட்டாகச் சேர்ந்து ஒளியை உமிழும்போது அவ்வுமிழ்வு தனித்தனி உமிழ்வினும் மிக விரைந்து நிகழும் என்று காட்டினார். மின்கலம் என்ற நினைப்பே அவருக்கு அன்று இருக்கவில்லை. ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து, 2013இல், போலந்தின் ரொபேர்ட் அலிக்கியும் பெல்ஜியத்தின் மார்க் பன்னெஸும் குவாண்டம் மின்கலம் என்ற கருத்தைக் கணித வடிவில் முன்வைத்தனர். 2014இல் வேறொரு குழுவினர் டிக்கியின் கருத்தைத் திருப்பிப் பார்த்தனர்: கூட்டாக விரைந்து உமிழ இயலுமாயின், கூட்டாக விரைந்து உறிஞ்சவும் இயலவேண்டுமன்றோ என்பது அவர்கள் கேட்ட கேள்வி. இவை யாவும் தாளில் எழுதிய கணக்குகளே.

கணக்கு கைக்கு வந்தது 2022 ஜனவரியில். அம்மாதம் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையிற் பத்துப் பேரின் பெயர்கள் உள்ளன. அவர்களின் தொழிற்பிரிவினையை நம் வாசகர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் பல்கலைக்கழகத்திலிருந்து ஜேம்ஸ் குவாக், ஸ்கொத்லாந்தின் இரண்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த கோட்பாட்டாளருடன் சேர்ந்து கணக்கிட்டார். இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் கிர்ஸ்டி மக்கீ, டேவிட் லிட்சே ஆகியோர், இரண்டு நுண்ணிய கண்ணாடிகளுக்கு இடையே செம்மஞ்சட் சாயமொன்றின் மூலக்கூறுகளை அடைத்து அந்தக் கருவியைச் செய்தனர். இத்தாலியின் மிலான் நகரில் தெர்சில்லா வேர்ஜிலியும் அவர்தம் துணைவரும் லேசர் ஒளித்துடிப்புகளைப் பாய்ச்சி அளந்தனர். ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கி, அத்தகைய பங்குகளால் எண்ணவேண்டிய அளவு அது. கணக்கிட்டவருக்குச் சாயம் அடைக்கத் தெரியாது. சாயம் அடைத்தவரிடம் அந்த லேசர் இல்லை. அளந்தவருக்குக் கணக்கு வேறிடத்திலிருந்து வரவேண்டும். மூவரும் சேர்ந்தபோதே உண்மை வெளிப்பட்டது: மூலக்கூறுகள் மிகுந்த கருவியே விரைவில் நிரம்பியது.

விரைவில் நிரம்பியது விரைவிலேயே வடிந்தும்விட்டது என்பதையும் மறைக்கலாகாது. நிரம்பிய சக்தி ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலேயே நின்றது. 2025இல் மெல்பேர்ண் நகரின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தினரும், அவுஸ்திரேலிய அரசின் விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வினரும் அக்காலத்தை ஆயிரம் மடங்கு நீட்டிக் காட்டினர். ஆயிரம் மடங்கு நீட்டியும் அது ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவே. இவ்வளவு சிறிய வெற்றிக்கு இவ்வளவு பேர், இத்தனை ஆண்டுகள். 1954இல் விதைத்தவர் 1997இல் மறைந்தார். விளைச்சலை அவர் காணவில்லை. தென்னை வைப்பவன் பேரனை நினைத்து வைக்கிறான் என்பதை நம் ஊரவர் அறிவர். விஞ்ஞானமும் அத்தகைய பயிரே.

இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுக் காரியம், நமக்கென்ன என்று கேட்பார் உண்டு. அவர்களுக்கு மூன்று உதாரணங்களைச் சொல்வோம்.

முதலாவது, அதே 2022ஆம் ஆண்டில் இந்தியாவின் புனே நகரில் ஜிதேந்திர ஜோஷி, டி. எஸ். மகேஷ் என்ற இரு ஆய்வாளர்கள், நட்சத்திர வடிவில் அமைந்த மூலக்கூறுகளின் அணுக்கருக்களைக் கொண்டு குவாண்டம் மின்கலத்தைப் பரிசோதித்துக் காட்டினர். நடுவிலுள்ள அணுக்கருவைச் சூழ நின்றவை சேர்ந்து நிரப்பின.

இரண்டாவது, தமிழ்நாட்டின் காரைக்குடி. வானம் பார்த்த செட்டிநாட்டுப் பூமியிலே வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாவையும் விஞ்ஞானத்திற்கென எடுத்துக் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு அங்கு அடிக்கல் நாட்டினார்; 1953 ஜனவரி 14இல் இராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்துவைத்தார். இன்று மின்கல ஆராய்ச்சியிற் பெயர்பெற்று விளங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அதுவே. தலைநகரத்தில் அமையக்கூடிய ஒன்றை ஒரு மனிதரின் கொடை வரண்ட நிலத்திற்குக் கொண்டுவந்தது.

மூன்றாவது நம் வீட்டுக் கதை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற்றுறையிலே பேராசிரியர் பு. ரவிராஜன் நுண்பொருள்களாலான சூரிய கலங்களை ஆராய்ந்து வருபவர்; இலண்டன் இம்பீரியல் கல்லூரியிற் பயின்ற கல்வியை ஊருக்குக் கொண்டுவந்தவர். நோர்வேயின் பேர்கன் நகரிலே பேராசிரியராயுள்ள தயாளன் வேலாயுதபிள்ளை, தூய சக்தி ஆராய்ச்சியில் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்துக் கூட்டு முயற்சிகளை நடத்தியவர். இங்கிருந்து ஒருவர், கடல் கடந்து ஒருவர், இடையிலே மாணவர்கள். அடிலெயிட்டையும் மிலானையும் இணைத்த அதே கயிறுதான் இது.

இனிப் புதுக்குடியிருப்புக்கு வருவோம். 2009இன் முற்பகுதியில் இந்த ஊர் போரின் நடுவில் அகப்பட்டது. மருத்துவமனை எறிகணைகளுக்கு இலக்கானது. மக்கள் கையிற் பிள்ளைகளோடு கிழக்கே ஓடினர். ஒரு தலைமுறையின் படிப்பு அறுந்தது. மீண்டு வந்தவர்கள் முதலில் கிணற்றை இறைத்தனர், பின் கூரை போட்டனர், பின் கச்சானும் நெல்லும் விதைத்தனர். அந்த ஒழுங்கு சரியே. ஆனால் ஆண்டுகள் பல கழிந்தபின்பும் உயர்தர வகுப்பில் கணிதமும் பௌதிகமும் பயில விரும்பும் பிள்ளையின் வழி இலேசானதாக இல்லை. ஆசிரியர் வருகிறார், ஊர் பழகுமுன் இடமாற்றம் பெற்றுப் போகிறார். பரிசோதனையைச் செய்து பாராமல் விடையை மனனம் செய்து பரீட்சை எழுதும் மாணவரைக் காண்கிறோம். வசதியுள்ள பெற்றோர் பிள்ளையை யாழ்ப்பாணத்திற்கோ வவுனியாவிற்கோ அனுப்புகின்றனர். வசதியற்றவரின் பிள்ளை தனக்குப் பிடித்த பாடத்தை விட்டு, ஊரிற் கிடைக்கும் பாடத்தைப் படிக்கின்றது. சங்கிலி அறுவது இங்கேதான்.

பசித்த வயிற்றுக்குக் குவாண்டம் எதற்கு என்று கேட்கும் நண்பர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் ஒன்றை நினைவூட்டுவோம். குவாண்டம் மின்கலத்தை ஆராய வேண்டிய அதே பௌதிகமும் இரசாயனமும்தான் நீர்ப்பம்பியின் மோட்டாரைத் திருத்தவும், சூரியத் தகட்டுக்கேற்ற பற்றரியைத் தெரிவு செய்யவும், போலிச் சரக்கை விற்க வருபவனிடம் ஏமாறாதிருக்கவும் வேண்டியவை. அடித்தளம் ஒன்றே. அதன்மேல் எவ்வளவு உயரம் கட்டுவதென்பது பிள்ளையின் ஊக்கத்தைப் பொறுத்தது. அடித்தளமே வேண்டாமென்று நாம் தீர்மானிப்பதற்கு நமக்கு உரிமையில்லை.

ஆதலால் நாம் கேட்பது பெருங் கட்டடத்தையன்று. கேட்பவை நான்கு.

கல்வி அதிகாரிகளுக்கு: விஞ்ஞான, கணித ஆசிரியர்களை இப்பகுதியில் குறித்த ஆண்டுகள் நிலைத்திருக்கச் செய்யுங்கள், அவர்கள் குடும்பத்தோடு தங்க விடுதி கொடுங்கள். விடுதி கொடாமல் தியாகத்தை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமன்று.

பாடசாலைகளுக்கு: புதுக்குடியிருப்பில் நன்கு அமைந்த ஆராய்ச்சிசாலை ஒன்றைச் சுற்றுப் பாடசாலைகள் அனைத்திற்கும் பொதுவாக்குங்கள். உடையார்கட்டுப் பிள்ளையும் விசுவமடுப் பிள்ளையும் வாரத்தில் ஒரு நாள் வந்து தம் கையாற் கம்பியை இணைத்து அளந்து பார்க்கட்டும். பூட்டிய அலுமாரியில் இருக்கும் கருவி எவருக்கும் கல்வி தராது.

தொழில் வல்லுநருக்கு, சிறப்பாகக் கடல் கடந்து வாழ்வோருக்கு: கோவிற் கோபுரத்திற்குக் கொடுக்கும் மனம் உங்களுக்கு உண்டென்பதை அறிவோம். அதில் ஒரு பங்கை ஒரு மாணவனின் இரண்டாண்டு உயர்தரக் கல்விக்கும், அவன் கையிற் படும் கருவிகளுக்கும் கொடுங்கள். பணம் கொடுக்க இயலாதோர் மாதம் ஒரு மணி நேரம் தொலைவிலிருந்தே பாடஞ் சொல்லலாம்.

உழவருக்கு: உங்கள் பிரச்சினையைப் பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு எடுத்துச் செல்லுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் இருக்கின்றது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பகல் வெயிலைச் சேமித்து இரவில் நீர் பாய்ச்சுவது எப்படி என்று நீங்கள் கேட்டால்தான் அங்குள்ள மாணவனுக்கு ஆராயப் பொருள் கிடைக்கும். கேள்வி கேட்பவனும் ஆராய்ச்சிக் குழுவில் ஒருவனே.

பத்துப் பெயர்கள் கொண்ட அந்தக் கட்டுரையை மீண்டும் நினைவிற் கொள்வோம். பத்துப் பெயருக்கும் பின்னால் ஒவ்வொரு ஊரில் ஒரு பள்ளிக்கூடமும், கரும்பலகை முன் நின்ற ஓர் ஆசிரியரும், படிக்க அனுப்பிய ஒரு வீடும் இருந்திருக்கும். அந்தப் பெயர்கள் அச்சில் வருவதில்லை. ஆனால் அவையின்றி அச்சில் வந்த பெயர்களும் இல்லை. தடைக் காலத்தில் ஊருக்குச் செய்தி கேட்கவேண்டும் என்பதற்காக மாறி மாறி மிதிகட்டையைச் சுழற்றிய கைகள் புதுக்குடியிருப்பில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகளைத்தான் நாம் மீண்டும் அழைக்கின்றோம். இம்முறை சுழல வேண்டியது நம் பிள்ளைகளின் கல்வி. ஒருவர் களைத்தால் மற்றவர் பிடியுங்கள், ஓயவிடாதீர்கள்.