கரண்ட் அடுப்பைத் தூக்கிக்கொண்டு கேம்பிங் போறவர்களுக்கு

போன வருசம் ஒரு போயா லீவுக்கு எட்டுப் பேர் சேர்ந்து நக்கிள்ஸ் பக்கம் கேம்பிங் போனோம். இடத்துக்காரருக்குக் கோல் எடுத்த நண்பன் சிங்களத்தில் கேட்டது ஒரேயொரு கேள்வி: "கரண்ட் தியெனவத?" அவர் சொன்னதும் ஒரேயொரு பதில்: "தியெனவா, தியெனவா." இருக்கு எண்டா இருக்குத்தானே. அந்த நம்பிக்கையில் சின்னக் காஸ் அடுப்பை வீட்டில் வைத்துவிட்டு, புத்தம் புதுசாக 2000 வாற்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பொன்றை வாங்கி, துவாயால் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். பிள்ளையைக்கூட அப்படிப் பத்திரமாகக் கொண்டுபோயிருக்க மாட்டோம்.

போய்ப் பார்த்தால், கரண்ட் இருந்தது. அவருடைய வீட்டிலிருந்து ஒரு மெல்லிய வயர் மரங்களுக்கு மேலால் கூடாரம் போடுற இடம் மட்டும் வந்திருந்தது. அதில் ஒரு பல்ப், உருண்டைப் பின் போடுற 5 அம்பியர் சொக்கற் ஒன்று. ஃபோன் சார்ஜ் போடுறதுக்கு அது தாராளம். நாங்கள் ஒரு அடப்டரைத் தேடிப் பிடித்து அடுப்பைப் போட்டோம். பல்ப் மங்கியது. அடுப்பில் ஏதோ ஒரு எழுத்து மின்னிவிட்டு நின்றது. திரும்பப் போட்டோம். நாலாவது தரம் அவருடைய வீடும் சேர்ந்து இருட்டாகிவிட்டது. சொக்கற்றைத் தொட்டவன் கையை உதறினான், அவ்வளவு சூடு. மேலே மழைத் தூறல், கீழே ஈரப் புல், இடையில் எட்டுப் பேர் வெறுங்காலோடு நிற்கிறோம். அப்போது சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

அந்த வீட்டு அம்மா விறகடுப்பில் சோறு போட்டுத் தந்தபோது இரவு பதினொரு மணி.

கேம்பிங்குக்கு எந்தக் கரண்ட் அடுப்பு நல்லது எண்டு தேடினால் எல்லாரும் அடுப்பைப் பற்றியே கதைக்கிறார்கள். கண்ணாடி மேற்பரப்பு, தொடு பட்டன், எத்தனை கிலோ. என்னைக் கேட்டால், அடுப்பு இரண்டாவது கேள்வி. எந்தக் கரண்டில் போடப் போறீர்கள் எண்டதுதான் முதலாவது. அதற்குப் பதில் தெரியாமல் வாங்கினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது துவாயில் சுற்றின பாரம்தான்.

கணக்கு பெரிய கஷ்டமில்லை. எங்கட கரண்ட் 230 வோல்ற். அடுப்பின் வாற்ஸை 230 ஆல் பிரித்தால் எத்தனை அம்பியர் இழுக்குது எண்டு வரும். 2000 வாற்ஸ் அடுப்பு 9 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். 5 அம்பியர் சொக்கற்றில் அதைப் போட்டது எங்கட மடத்தனம், அடுப்பில் பிழையில்லை. 1000 வாற்ஸ் அடுப்பு எண்டால் 4.3 அம்பியர். அதே சொக்கற் அதைத் தாங்கியிருக்கும், அதுவும் மட்டுமட்டாக. ஆகவே இடத்துக்காரரிடம் கேட்கவேண்டியது கரண்ட் இருக்கா எண்டு இல்லை. பிளக் சதுரப் பின்னா உருண்டைப் பின்னா, வயர் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், அதே வயரில் வேற என்ன ஓடுது, ட்ரிப் சுவிட்ச் இருக்கா. முடிந்தால் சொக்கற்றை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. அதில் வெட்கப்பட ஒண்டுமில்லை.

தூரம் ஏன் முக்கியம் எண்டால், மெல்லிய வயர் நீள நீள வோல்ற் குறையும். 230 வரவேண்டிய இடத்தில் 190 வந்தால், கம்பி சூடாகிற சாதாரண ஹொட்பிளேட் ஒன்று தன் வலுவில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தரும். சோறு பிந்தும், ஆனால் வேகும். இண்டக்‌ஷன் அடுப்பு அப்படியில்லை. உள்ளே எலெக்ட்ரோனிக்ஸ் இருக்கிறதால், வோல்ற் பிடிக்கவில்லை எண்டால் எழுத்தைக் காட்டிவிட்டு வேலைநிறுத்தம் செய்யும். வீட்டுக் குசினியில் அது நல்ல குணம். மலையில் பசியோடு இருக்கிறவனுக்கு இல்லை.

இண்டக்‌ஷனுக்கு இன்னொரு விசயமும் இருக்கு. அது காந்தம் ஒட்டுற சட்டியைத்தான் சூடாக்கும். கேம்பிங்குக்கு எண்டு நாங்கள் தூக்கிக்கொண்டு போறது பெரும்பாலும் பாரமில்லாத அலுமினியச் சட்டி. அதில் காந்தம் ஒட்டாது. மண்சட்டி மீன்குழம்புக் கனவையும் விட்டுவிடுங்கோ. வாங்க முதல் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற காந்தத்தை எடுத்து உங்கட சட்டிகளுக்கு அடியில் பிடித்துப் பாருங்கோ. அந்தச் சோதனைக்குக் காசில்லை.

அப்ப பற்றரியில் போடலாமே எண்டு ஒரு கோஷ்டி இருக்கு. பவர் ஸ்ரேஷன் எண்டு விக்கிற பெரிய பற்றரிப் பெட்டிகள் இப்ப கன பேரிடம் இருக்கு. வெளிச்சத்துக்கும் ஃபோனுக்கும் அது அருமையான சாமான். சமைக்கிறது வேற கதை. ஒரு லீற்றர் தண்ணியைக் கொதிக்க வைக்க, வீணாகிறதையும் சேர்த்து, கிட்டத்தட்ட 100 வாற்-அவர் போகும். எட்டுப் பேருக்குப் பிளேன் ரீ போட ஒன்றரை லீற்றர். பிறகு ஒரு கிலோ அரிசிச் சோறு, பருப்பு. 500 வாற்-அவர் பெட்டி ஒரு நேரச் சாப்பாட்டுக்கே மூச்சு வாங்கும். பெட்டியின் பாரமோ ஆறு கிலோ அளவில். இன்னொரு பொறியும் இருக்கு: எவ்வளவு சேமிக்கும் எண்டதும் ஒரே நேரத்தில் எவ்வளவு வாற்ஸ் கொடுக்கும் எண்டதும் இரண்டு வேற இலக்கங்கள். 300 வாற்ஸ் கொடுக்கிற பெட்டியில் இண்டக்‌ஷனை 300 இல் வைத்தால் ஓடும் எண்டு நினைப்போம். மலிவான கன அடுப்புகள் 300 எண்டால் முழு வலுவில் கொஞ்ச நேரம் எரிந்து, கொஞ்ச நேரம் நிற்கும். முதல் தரம் எரியிறபோதே பெட்டி நின்றுவிடும்.

காரின் சிகரெட் லைற்றர் துளையில் போடுற 12 வோல்ற் கேத்தில்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒண்டுமில்லை. அந்தத் துளையின் ஃபியூஸ் பொதுவாக 10 அல்லது 15 அம்பியர், ஆக 120 முதல் 180 வாற்ஸ். ஒரு லீற்றர் கொதிக்க முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் போகும். குழந்தைக்குப் பால் சூடாக்க நல்லது.

ஆகவே பிளக் இருக்கிற இடத்துக்குப் போறீங்கள் எண்டால், என்ர தெரிவு: 1000 வாற்ஸ், ஒற்றைத் தட்டு, கம்பி மூடின ஹொட்பிளேட். எந்தச் சட்டியும் வைக்கலாம், விழுந்தாலும் உடைய அதிகமில்லை, குறைந்த கரண்டிலும் முக்கி முனகி வேலை செய்யும். அணைத்த பிறகும் கன நேரம் சுடும் எண்டதை மட்டும் எல்லாருக்கும் சொல்லிவையுங்கோ. காற்று அடிக்கிற மலையில் நாலு பக்கமும் தடுப்பு இல்லாவிட்டால் பாதிச் சூடு காற்றோடு போகும். நுவரெலியா உயரத்தில் தண்ணி 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், அதனால் எல்லாம் வேகப் பிந்தும். மைசூர்ப் பருப்பு கொண்டு போங்கோ, கடலை அவிக்கப் போகாதையுங்கோ.

வாங்கவே கூடாதது ஒன்று உண்டு. போர்டிங் அறைகளில் கன பேர் ஒளித்து வைத்திருக்கிற, வெள்ளைத் தட்டில் கம்பிச் சுருள் வெளியே தெரியிற அந்த மலிவு அடுப்பு. அந்தக் கம்பியில் ஓடுறது நேரடிக் கரண்ட். குழம்பு பொங்கி வழிந்தால், சட்டி சரிந்து கம்பியில் முட்டினால், உலோகக் கரண்டி பிடித்திருக்கிற ஆளுக்கு என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. அறையில் சீமெந்துத் தரையிலேயே அது ஆபத்து. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கிறபோது கேட்கவே வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக வைத்தபடி பாவிக்காதையுங்கோ. சுருளுக்குள் சூடு அடைபட்டு வயர் உருகும், முழுவதையும் இழுத்து விரித்துவிட்டுப் போடுங்கோ. இணைக்கிற இடம் புல்லில் கிடக்கக் கூடாது. அடுப்பு மணலில் இருக்கக் கூடாது, கல்லோ பலகையோ வேணும். மழை வந்தால் சமையல் நிற்கும். பாண் சாப்பிட்டு ஒருத்தரும் செத்ததில்லை.

இவ்வளவு கரைச்சல் எண்டால் கரண்ட் அடுப்பே வேண்டாமே எண்டு கேட்கலாம். நியாயமான கேள்வி. பிளக் இல்லாத இடத்துக்கு, ஸ்பிரே ரின் மாதிரி இருக்கிற கானைப் போடுற சின்னக் காஸ் அடுப்பை வெல்ல ஒண்டுமில்லை எண்டுதான் நானும் சொல்லுவேன். ஆனால் குளிருது, மழை பெய்யுது எண்டு அதைக் கூடாரத்துக்குள்ளே கொண்டுபோய்ப் பற்ற வைக்கிற பழக்கம் எங்களில் கன பேருக்கு இருக்கு. மூடின கூடாரத்துக்குள் காஸும் கரியும் எரிந்தால் கார்பன் மொனொக்சைட் சேரும். அதுக்கு மணமில்லை, நிறமில்லை, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். விறகு மூட்டுறது இன்னொரு பிரச்சினை. வெயில் காலத்தில் எல்ல பக்கத்துப் புல்மலைகள் எரியிற படங்களை ஒவ்வொரு வருசமும் பார்க்கிறோம். ஒதுக்குக் காட்டுக்குள் தீ மூட்டுறது சட்டப்படியும் குற்றம். இந்த இரண்டையும் பார்க்கிறபோது, சுவாலை இல்லாத அடுப்புக்கு ஒரு இடம் இருக்கத்தான் செய்யுது.

எங்கட வயதுக்காரர் கன பேருக்கு கரண்ட் அடுப்பு அறிமுகமானது கேம்பிங்கால் இல்லை. 2021 கடைசியில் காஸ் அடுப்புகள் வெடிக்கத் தொடங்கின, 2022இல் காஸுக்கு வரிசை. அந்தப் பயத்தில் வீட்டுக்கு வீடு ஹொட்பிளேட் வாங்கினார்கள். வாங்கி முடிய, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. அம்மா அந்த ஹொட்பிளேட்டுக்கு மேலே துணி போட்டு மூடிவைத்துவிட்டு, முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தா. கரண்ட் எங்கேயிருந்து வருது எண்டு கேட்காமல் அடுப்பு வாங்கக்கூடாது எண்டதை எங்கட குசினியிலேயே படித்திருந்தும், நக்கிள்ஸுக்குப் போகேக்க எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

அந்த இண்டக்‌ஷன் அடுப்பு இப்போது நண்பனின் போர்டிங் அறையில், சதுரப் பின் சொக்கற்றில், ஒரு எழுத்தும் காட்டாமல் நூடில்ஸ் அவிக்குது. அடுத்த பயணத்துக்கு அவர்கள் அதைத்தான் திரும்பக் கொண்டுபோவோம் எண்டு நிற்கிறார்கள். சொக்கற்றின் ஃபோட்டோ வரட்டும் எண்டு நான் காத்திருக்கிறேன்.