விளம்பரச் செலவுக்கும் மடை வேண்டும்

சந்தவாசல், ஆரணி வட்டாரத்தில் நிலமும் தறியுமாகப் பிழைக்கும் குடும்பத்தார் பட்டுச் சேலையை அமேசான் போன்ற இணையச் சந்தையில் நேரே விற்க முன்வருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் கணக்குத் திறந்து கொடுத்த பையனிடமே கடவுச்சொல், கைப்பேசி எண் எல்லாவற்றையும் விட்டுவைப்பது சரியன்று. மோட்டார் அறைச் சாவியை யாரும் அப்படிக் கொடுப்பதில்லை.

உரிமையாளர் தம் கணக்கிலேயே உதவியாளருக்குத் தனி அனுமதி வழங்கலாம். விளம்பரம் பார்ப்பவருக்கு அந்தப் பகுதி மட்டும் போதும். வங்கிக் கணக்கை மாற்றும் உரிமை எதற்கு? அவர் விலகிய அன்றே அனுமதியை நீக்கிவிட வேண்டும். ஓ.டி.பி. உரிமையாளர் எண்ணுக்கே வரட்டும்.

அங்கே விளம்பரத்தைத் தொட்டாலே காசு. சேலை வாங்காமல் போனாலும் பணம் போகும். தொடுகைக்கு 5 ரூபாய், 40 தொடுகைக்கு ஒரு சேலை விற்பனை என்று வைத்துக்கொண்டால், அச்சேலையின் தலையில் 200 ரூபாய் ஏறுகிறது. சந்தைக்காரரின் கட்டணம் வேறு. பாவு, ஊடை, கூலி போக மிஞ்சுவதைப் பார்த்த பிறகே நாள் வரம்பு வைக்க வேண்டும். 'பட்டுச் சேலை' என்ற பொதுப் பெயருக்குப் பெரிய கடைகளோடு மோதுவதைவிட, புவிசார் குறியீடு பெற்ற 'ஆரணிப் பட்டு' என்று தேடி வருவோரைப் பிடிப்பதே சிறு நெசவாளருக்குக் கட்டுபடியாகும்.