வன்னி இளையோரின் மனநலம்: விடுபட்டுப்போன நடுப்படி

க.பொ.த உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் இரண்டு வகையான செய்திகள் வருகின்றன. முதல் நாள், மாவட்ட மட்டத்தில் முன்னிலை பெற்ற பிள்ளைகளின் படங்கள். அடுத்த சில நாட்களில், எங்கோ ஒரு கிராமத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவியையோ மாணவனையோ பற்றிய நான்கு வரிகள். மாரி தொடங்குமுன் டெங்குக்கு முன்னாயத்தம் செய்யத் தெரிந்த நிர்வாகம் நம்முடையது. பெறுபேற்றுக் காலமும் மாரியைப் போல வருடாவருடம் வருவதுதான். அதற்கென்று ஒரு முன்னாயத்தத்தை வன்னியில் நான் இதுவரை கண்டதில்லை.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வருகிற பதில், மனநல வைத்திய நிபுணர்கள் போதாது என்பது. அது உண்மைதான். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனது அந்த வெற்றிடத்தை இன்னும் பெரிதாக்கியது. ஆனால் நாளைக்கே மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்கு இன்னொரு நிபுணரை நியமித்தாலும், துணுக்காயிலோ மாந்தை கிழக்கிலோ இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளை அவரிடம் போய்ச் சேருமா என்பதே என் சந்தேகம்.

கணக்கைப் பார்ப்போம். மாவட்டத்தின் மேற்கு அந்தலையிலிருந்து மாங்குளம் வந்து, ஏ-9 வீதியைக் கடந்து, கிழக்குக் கரை வரை போகவேண்டும். கிளினிக் வார நாளில், காலையில். பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் நிற்கவேண்டும். தாய் அன்றைய கூலியை இழக்கவேண்டும். பஸ் காசு இருவருக்கு. இவ்வளவும் சமாளித்து வந்தால், வரிசையில் பக்கத்தில் இருப்பது அதே ஊர் ஆள். பெண் பிள்ளையென்றால் பின்னொரு நாள் கலியாணப் பேச்சில் அந்த வரிசை நினைவூட்டப்படும். தெற்கில் அங்கொடை, வடக்கில் தெல்லிப்பழை என்று ஊர்ப்பெயர்களையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் சமூகம் நாங்கள். ஆகவே முதலில் நூல் கட்டுவார்கள், பார்வை பார்ப்பார்கள், நேர்த்தி வைப்பார்கள். அவர்களைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. பூசாரி பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறார், பின்னேரத்திலும் இருக்கிறார், பெயரைப் பதிவேட்டில் எழுதுவதில்லை.

2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை, கொழும்பைச் சூழ்ந்த பெரிய மனநோய் வைத்தியசாலைகளிலிருந்து சேவையை மாவட்டங்களுக்கும் சமூகத்துக்கும் கொண்டுவரும் நோக்கத்துடன் எழுதப்பட்டது. நல்ல கொள்கை. ஆனால் அது வெளிவந்த அடுத்த வருடமே வன்னி மீண்டும் முழுப் போருக்குள் போய்விட்டது. 2009க்குப் பின்னர் கட்டடங்கள் எழுந்தன, மனநல வைத்திய அதிகாரிகள் வந்தார்கள், கிளினிக்குகள் தொடங்கின. வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள நடுப்படிதான் கவனிக்கப்படாமல் போனது.

அந்தப் படியில் ஆட்களே இல்லையென்று சொல்லமுடியாது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்கு ஓர் ஆசிரியர் உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குடும்பநல உத்தியோகத்தருக்கு எந்த வீட்டில் யார் சாப்பிடாமல் படுத்திருக்கிறார் என்பதுகூடத் தெரியும். ஆனால் இவர்கள் வெவ்வேறு திணைக்களங்களுக்குப் பதில் சொல்பவர்கள். ஒருவர் கண்டது மற்றவருக்குப் போவதில்லை.

பாடசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியை பெரும்பாலும் பாடமும் எடுக்கிறார். லீவில் நிற்கும் ஆசிரியரின் வகுப்பையும் பார்க்கிறார். அவருக்கென்று ஓர் அறை கிடைத்தால், அதில் பாதி விளையாட்டுப் பொருட்களும் உடைந்த கதிரைகளும். பிள்ளையுடன் பேசக் கதவைச் சாத்தினால் வெளியில் ஒரு கதை கிளம்பும். திறந்து வைத்தால் பிள்ளை வாய் திறக்காது. கடைசியில் ஒரு துண்டு எழுதி வைத்தியசாலைக்கு அனுப்புகிறார். பிள்ளை போனதா, என்ன சொன்னார்கள், வகுப்பில் எதைக் கவனிக்கவேண்டும் என்று அவருக்கு ஒரு வரியும் திரும்பி வருவதில்லை.

களத்திற்குப் போகவேண்டிய உத்தியோகத்தருக்கோ எரிபொருளுக்குப் பணம் போதாது. வீடு தேடிப் போய் ஒரு பிள்ளையுடன் ஆறு வாரம் பேசுவதை மாதாந்த அறிக்கையில் எண்ணிக்கையாகக் காட்டவும் முடியாது. எண்ணிக்கை காட்டுவது விழிப்புணர்வுக் கருத்தரங்கு. அதனால் ஒக்டோபர் 10, உலக மனநல தினத்தில் பதாகை ஏறுகிறது, படம் எடுக்கிறார்கள், சிற்றுண்டியும் நன்றியுரையும் முடிய எல்லோரும் கலைகிறார்கள்.

இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் போர் முடிந்த காலத்தை ஒட்டிப் பிறந்தவர்கள். முள்ளிவாய்க்காலை அவர்கள் நினைவில் வைத்திருக்கவில்லை. பெற்றோர் வைத்திருக்கிறார்கள், பேசுவதில்லை. போரின் காயம் தனியாளோடு நிற்பதில்லை, குடும்பத்தின் நம்பிக்கையையும் உறவுகளையும் சேர்த்தே குலைக்கிறது என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவந்திருக்கிறார். அந்த மௌனத்தோடு நுண்நிதிக் கடன்காரர் வாசலில் நிற்பதும், வெளிநாட்டிலுள்ள தாயோ தகப்பனோ தொலைபேசியில் மட்டும் இருப்பதும், ஐஸ் போதைப்பொருளும் சேர்ந்துவிட்டன. பரீட்சை கடைசி நெருக்குதல் மட்டுமே. செய்தியில் அதையே காரணமாக எழுதிவிடுகிறோம். சில இணையத்தளங்கள் வீட்டுப் படலையின் படத்தையும் எழுதிவைத்த கடிதத்தையும் போட்டுவிட்டு, 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைப் போட மறந்துவிடுகின்றன.

இந்த நாட்டுக்கு ஒரு பெரிய வெற்றியும் உண்டு. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47; உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அடுத்த இருபது வருடங்களில் அது சுமார் 70 சதவீதத்தால் குறைந்தது. அதிக நஞ்சுள்ள பூச்சிநாசினிகளும் களைநாசினிகளும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதே அதன் முக்கிய காரணமென ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நெருக்கடியான ஒரு மணித்தியாலத்தைக் கடந்துவிட்டால் பலர் உயிரோடு இருப்பார்கள் என்பதே அதன் பொருள். அந்த மணித்தியாலத்தைக் கடக்கவைக்க வல்லவர் கிராமத்துக்குள்ளேயே இருப்பவர்தான். தடை உயிரைக் காத்தது. பிழைத்த பிள்ளையின் துயரத்தை அது தொடவில்லை.

ஆகவே என் கோரிக்கை நிபுணரில் தொடங்கவில்லை. மாங்குளத்திலும் துணுக்காயிலும் சனிக்கிழமைப் பின்னேரம் இளையோருக்கென்று ஒரு கிளினிக், மனநலம் என்ற பலகை தொங்காத ஓர் அறையில். பாடசாலையில் சாத்தக்கூடிய கதவுள்ள ஓர் அறை, ஆலோசனை ஆசிரியருக்குக் குறைந்த பாடவேளை. உளவளத்துணை உத்தியோகத்தருக்கு எரிபொருள். வைத்தியசாலையிலிருந்து பிள்ளையின் சம்மதத்தோடு திரும்பி வரும் ஒரு துண்டு. பெறுபேறு வெளியாகும் வாரத்தில், சித்தியடையாத பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒருவர் போவதற்கான பட்டியல்.

மாவட்ட அபிவிருத்தி ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் மணல் அகழ்வும் காட்டு யானையும் வீதியும் பேசப்படுகின்றன, பேசப்படத்தான் வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் போகும் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதையும் கேட்கட்டும்: சென்ற பெறுபேற்றின்போது எந்தெந்த வீட்டுக்கு, யார் போனார்கள்?