வெச்சூர்க் கன்று

மட்டாஞ்சேரி படகுத்துறையில் அலையடிக்கும் அதே வேம்பநாட்டுக் காயலின் கரையில்தான் வைக்கத்தை அடுத்த வெச்சூர் இருக்கிறது. அந்த ஊர்ப் பசு மூன்றடி உயரம்தான். பனிக்குடம் உடைந்து முன்னங்குளம்பு இரண்டும் தெரிந்துவிட்டால் கன்று வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தாய் நக்கி முடிப்பதற்குள் தள்ளாடியபடி மடியைத் தேடும். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடில்லை. 1961-இல் வந்த கேரளச் சட்டம் உரிமமில்லாத நாட்டுக் காளைகளைக் காயடிக்க வைத்தது. கலப்பினம் வந்தது, பாலும் பெருகியது. ஆனால் சின்னப் பசுவுக்குப் பெரிய ஜாதிக் காளையின் சினை ஊசி போட்டால் கன்று இடுப்பில் சிக்கும். கயிறு கட்டி இழுத்தும் தாயையோ கன்றையோ பறிகொடுத்த வீட்டில் அன்று யாருக்கும் சோறு இறங்காது. எஞ்சிய வெச்சூர்ப் பசுக்களை 1989-இல் தேடிப்பிடித்து இனத்தையே மீட்டார்கள் மண்ணுத்திக் கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் மாணவர்களும். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், சரிதான். கேட்கிற விவசாயிக்கு வெச்சூர் சினை ஊசி உள்ளூர் கால்நடை மருத்துவமனையிலேயே கிடைக்கும்படியும் செய்ய வேண்டும்.