பல் பிடுங்கியதும் ஒரு சீட்டு

ஆசிரியருக்கு,

2023-இல் வாணியம்பாடியில் பல் சிகிச்சைக்குப் பின் 8 பேர் மூளைத் தொற்றால் இறந்தது பற்றிய கட்டுரையை முழுதும் ஏற்கிறேன். திறந்து பயன்படுத்திய சலைன் பாட்டிலில் அத்தொற்றின் கிருமி இருந்தது. ஆகவே கிளினிக்கின் சுத்தமே முதல் பொறுப்பு. ஆனால் வீட்டுக் கவனிப்பையும் பேச வேண்டும். பிடுங்கிய குழியில் உறையும் ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. அன்றே உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால், ஓயாமல் துப்பினால், அது பெயர்ந்துவிடும்; 24 மணி நேரம் போகட்டும். உடலை வருத்துவதும் கூடாது; பௌர்ணமியே ஆனாலும் அன்றைக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் வேண்டாம். 'டாக்டர்தான் சொல்லி அனுப்புகிறாரே' என்பார்கள். பஞ்சைக் கடித்தபடி, உதடு மரத்த நிலையில் கேட்டது எவ்வளவு நினைவில் நிற்கும்? காய்ச்சல், விடாத தலைவலி, வாய் கோணல் வந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லும் தமிழ்ச் சீட்டை எல்லாப் பல் கிளினிக்குகளும் தர மாவட்ட சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

— ஒரு வாசகர், திருவண்ணாமலை