மாதம் என்றால் எத்தனை நாள்?

ஜனவரி 31-க்கு ஒரு மாதம் கழித்து வரும் நாள் எது? விடுதி நண்பர்கள் பத்துப் பேரைக் கேட்டேன். பிப்ரவரி 28 என்றனர் சிலர். முப்பது நாளை எண்ணி மார்ச் 2 என்றனர் வேறு சிலர். 'போய்ப் படிக்கிற வேலையைப் பாரும்' என்றார் ஒருவர். சிரித்துத் தள்ளக்கூடிய கேள்விதான். ஆயினும், அதை அலட்சியம் செய்ததால் நான் ஒரு நண்பர்முன் தலைகுனிய நேர்ந்தது.

அவர் தம் மெஸ் பாக்கியை 2025 ஜனவரி 31 முதல் மாதத் தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டார். தவணை நாளை நினைவூட்டும் நிரலை ஜாவாஸ்கிரிப்டில் எழுதியவன் நான். பிப்ரவரியில் அவருக்கு ஒரு தகவலும் போகவில்லை. மார்ச் 3-இல் ஒன்று, மார்ச் 31-இல் மற்றொன்று! வீட்டிலிருந்து மாதம் ஒருமுறை பணம் பெறும் மாணவர், ஒரே மாதத்தில் இரண்டு தவணைக்கு எங்கே போவார்?

நடந்தது இதுதான். அந்த மொழி மாத எண்ணில் ஒன்றைக் கூட்டி 'பிப்ரவரி 31' என்று கொள்கிறது. பிப்ரவரியில் அடங்காத 3 நாளை மார்ச்சுக்குள் தள்ளிவிடுகிறது. ஜாவாவில் 2014-இல் வந்த தேதி நூலகமோ பிப்ரவரி 28-லேயே நின்றுவிடும். பைதானில் அத்தேதியின் மாதத்தை மட்டும் 2 என்று மாற்றச் சொன்னால், அப்படியொரு நாளே இல்லையென்று பிழை காட்டி மறுத்துவிடும்.

இவற்றுள் எது நியாயம்? மாதக் கடைசியில் நிற்பதே நியாயம் என்பது என் கட்சி. 2022 ஜனவரியில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் இவ்வழியையே கொண்டது. மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் கைப்பேசித் திட்டம் வேண்டுமென ஆணையிட்டு, அத்தேதி இல்லாத மாதத்தில் கடைசி நாளே புதுப்பிக்கும் நாள் என்று விதித்தது.

இவ்வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. ஜனவரி 31 பிப்ரவரி 28 ஆகும். அதனுடன் மேலும் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28 ஆகும். 31 தொலைந்தே போயிற்று! ஆகவே ஒவ்வொரு தவணையையும் முதல் தேதியிலிருந்தே எண்ணவேண்டும். ஜனவரி 31-உடன் இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31 சரியாக வரும்.

'எதற்கு இந்தத் தொல்லை? முப்பது நாள் என்று வைத்துவிடலாமே' என்பர் சிலர். பன்னிரண்டு முப்பது 360 தானே? 28 நாள் திட்டத்தில் கைப்பேசிக்கு ஆண்டில் 13 முறை பணம் கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கின் சூடு தெரியும். நம் பஞ்சாங்கத்திலும் ஆனி 32 நாள் வரை நீளும். மார்கழி 29 நாளிலும் முடியும். எல்லா மாதத்தையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது.

நிரல் எழுதும் தோழர்களே! மாதத்தைக் கூட்டுமுன் உங்கள் விதியை ஒரு வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள். பணம் கட்டப்போகிறவரிடம் அதைக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. அந்த மார்ச்சில் வந்த இரண்டாம் தவணையை என் கையிலிருந்து கட்டினேன்.